"இது எதற்குப் பயன்படும்?" என்று கேட்கும் மாணவருக்கு என்ன பதில் சொல்வது?

சுண்ணக்கட்டி எழுதியது:

பத்தொன்பது ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் இருபடிச் சமன்பாடு தொடங்கிய இரண்டாம் நாளே யாராவது ஒருவர் எழுந்து கேட்டுவிடுவார்: "இது வாழ்க்கையில் எங்கே பயன்படும்?" என்னிடம் தயாராக ஒரு பதில் உண்டு. பொறியியல், விண்வெளி, வங்கி, கணினி என்று அடுக்கிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பிவிடுவேன்.

சென்ற வாரம் அதை ஒப்பித்து முடித்ததும் ஒரு மாணவி அமைதியாகச் சொன்னாள்: "நான் வரலாறு படிக்கப் போகிறேன். அப்படியென்றால் இது எனக்கு வேண்டாம்தானே?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவள் கேட்டதில் தவறே இல்லை. நான் சொன்னதுதான் பதிலாக இல்லை.

சரி, அழகைப் பற்றிச் சொல்லலாமே என்பீர்கள். சொல்லிப் பார்த்திருக்கிறேன். "கணிதம் அழகானது" என்று கரும்பலகை முன் நின்று அறிவிப்பது, நகைச்சுவைத் துணுக்கைச் சொல்லிவிட்டு அதற்கு உரை எழுதுவதைப் போன்றது. ஒருவரும் சிரிப்பதில்லை. உங்கள் அனுபவத்தில் எது எடுபட்டது?

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

ஐயா, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் "மாணவர்கள் கணிதத்தை ரசிக்க வேண்டும்" என்று ஆசிரியர்கள் பேசும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ரசிக்க எங்களுக்கு எப்போது நேரம் கொடுத்தீர்கள்?

எட்டாம் வகுப்பில் ஒரு கணக்கை நான் வேறு வழியில் போட்டேன். விடை சரி. எனக்குள் ஒரே பெருமை. தாள் திரும்பி வந்தபோது குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, பக்கத்தில் "படிகள் எங்கே?" என்று ஒரு கேள்வி. ஐந்துக்கு ஒரு மதிப்பெண். எந்தப் பள்ளி, யார் ஆசிரியர் என்பதெல்லாம் இப்போது எதற்கு? அன்றோடு எனக்குக் கணக்கு முடிந்தது. அழகு, பயன் இரண்டையும் பெரியவர்களே வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தெரிந்தது பயம் மட்டும்தான்.

---

நிரல்நெசவு எழுதியது:

கடைசிபெஞ்ச் சொல்வதை மறுக்க முடியவில்லை. ஆனாலும் பயனைப் பற்றி ஒரு வார்த்தை. எது பயன்படும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடிந்ததில்லை, மேதைகளாலும் கூட.

2, 3, 5, 7, 11, 13 ஆகிய பகா எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். 30031 வரும். இந்த ஆறில் எதனால் வகுத்தாலும் மீதி 1. ஆகவே இதை வகுக்கும் பகா எண் இந்தப் பட்டியலுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். எவ்வளவு நீளமான பட்டியலை எடுத்தாலும் இதையே செய்யலாம் என்பதால், பகா எண்களுக்கு முடிவில்லை. யூக்ளிட் ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த நிறுவல் இது. நான்கு வரிதான். இதனால் அன்று யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

இப்போது அதே 30031-ஐப் பகுத்துப் பாருங்கள், கால்குலேட்டர் இல்லாமல். ஒரு மாலைப்பொழுது போய்விடும். விடை 59 × 509. இந்த இரண்டையும் பெருக்க அரை நிமிடம் போதும். போகும்போது எளிது, திரும்பி வரும்போது மலை. பல நூறு இலக்கம் கொண்ட எண் என்றால் கணினிக்கே மூச்சு வாங்கும். 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் இந்த ஏற்றத்தாழ்வை வைத்தே, செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் ஒரு மறையீட்டு முறையை உருவாக்கினார்கள். இணையப் பரிமாற்றங்கள் பலவற்றை நெடுங்காலம் காத்தது அது.

பகா எண்களையும் ஆராயும் எண் கோட்பாட்டில் பெரும்புள்ளியான ஹார்டி, தன் கணிதம் எந்த நடைமுறைப் பயனுக்கும் உதவியதில்லை என்று 1940-இல் பெருமையாகவே எழுதினார். நாற்பது ஆண்டுகூடத் தாங்கவில்லை அந்தப் பெருமை.

---

சூரியகாந்தி எழுதியது:

அழகுக்கு எடுத்துக்காட்டா வேண்டும்? பொன்விகிதம்! நாட்டிலஸ் சங்கு, பழைய கிரேக்கக் கோயில், மனித முகம் என எங்கே பார்த்தாலும் 1.618. மாணவர்களுக்கு இதைக் காட்டினால் வாய் பிளந்து பார்ப்பார்கள்.

---

நிரல்நெசவு எழுதியது:

வாய் பிளப்பார்கள். அளவுகோலை எடுத்து அளந்ததும் மூடிக்கொள்வார்கள். நாட்டிலஸ் சங்கில் இருப்பது மடக்கைச் சுருள்தான், அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே மடங்கில் விரியும் சுருள். ஆனால் அளந்தால் அது பொன்விகிதச் சுருளோடு பொதுவாகப் பொருந்துவதில்லை. நீங்கள் சொல்லும் கிரேக்கக் கோயிலான பார்த்தெனானைக் கட்டியவர்கள் அந்த விகிதத்தை மனத்தில் வைத்திருந்தார்கள் என்பதற்கு அக்காலச் சான்று எதுவும் கிடையாது. முகத்தில் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு அளப்பது என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம் என்றால், வேண்டிய விகிதம் கிடைக்காமல் எங்கே போகும்?

உங்கள் பெயரில் உள்ள பூவைச் சொல்லியிருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். சூரியகாந்தியின் விதைச் சுருள்களை ஒரு திசையில் எண்ணினால் பெரும்பாலும் 34, மறுதிசையில் 55 என்று வரும். அடுத்தடுத்த பிபனாச்சி எண்கள், அதாவது முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் 1, 1, 2, 3, 5, 8 வரிசை. அதை எண்ணிப் பார்க்கலாம். பொய் சொல்லி அழகை விற்க வேண்டியதில்லை.

---

மாகாணி எழுதியது:

நான் அச்சகத்தில் வேலை செய்பவன். கல்லூரிப் பக்கம் போனதில்லை. பெரிய பெயர்கள் எல்லாம் வேண்டாம் ஐயா, வகுப்பில் எல்லார் கையிலும் இருக்கும் ஒரு பொருளைச் சொல்கிறேன்: ஏ4 தாள்.

அதன் அளவு 210 × 297 மில்லிமீட்டர். ஏன் 300 இல்லை? முழு எண்ணாக வைத்திருக்கலாமே? வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டு, "அளவு அப்படித்தான், கட்டிங்கைப் பார்" என்று திட்டு வாங்கினேன்.

காரணம் இது. தாளின் நீளப்பக்கத்தைப் பாதியாக மடித்து வெட்டினால் கிடைக்கும் சிறிய தாளும் பெரிய தாளின் அதே வடிவத்தில் இருக்க வேண்டும். சும்மா ஒரு தாளை எடுத்துப் பாதியாக்கினால் இது நடக்காது. சதுரத்தைப் பாதியாக்கினால் நீளமான செவ்வகம் வரும், அந்தச் செவ்வகத்தைப் பாதியாக்கினால் மறுபடி சதுரம். வடிவம் மாறாமலே இருக்க ஒரே ஒரு விகிதம்தான் உண்டு. அகலம் 1, நீளம் x என்று வைத்தால், பாதித் தாளின் நீளம் 1, அகலம் x/2. இரண்டும் ஒரே வடிவம் என்றால் x-க்கும் 1-க்கும் உள்ள விகிதமே 1-க்கும் x/2-க்கும் இருக்க வேண்டும். x² = 2. ஐயா, உங்கள் இருபடிச் சமன்பாடு!

கையால் சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு ஏ4 தாளின் மேல் மூலையைச் சாய்வாக மடித்து, அகலப்பக்கம் நீளப்பக்கத்தின் மேல் அச்சாகப் படியும்படி வையுங்கள். அந்தச் சாய்வு மடிப்பு ஒரு சதுரத்தின் மூலைவிட்டம். இப்போது இன்னொரு ஏ4 தாளின் நீளப்பக்கத்தை அந்த மடிப்பின் மேல் வைத்துப் பாருங்கள். மயிரிழை பிசகாது. நான் முதன்முதலில் செய்து பார்த்தது இரவு ஷிப்டில். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேறு யாரிடமும் சொல்ல ஆளில்லாமல் நானே சிரித்துக்கொண்டேன்.

இனிப் பயன். ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதை நான்கு முறை பாதியாக்கினால் ஏ4, அதாவது பதினாறில் ஒன்று. என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். 80 ஜி.எஸ்.எம். தாள் என்றால் சதுர மீட்டருக்கு 80 கிராம், ஆகவே ஒரு ஏ4 தாள் 5 கிராம். ஐந்நூறு தாள் கட்டு இரண்டரை கிலோ. தராசு இல்லாமலே சொல்லிவிடலாம். நகலெடுக்கும் இயந்திரத்தில் ஏ4-ஐ ஏ3 ஆக்க 141 விழுக்காடு என்று பொத்தான் இருக்கிறதே, அதுவும் இந்த இரண்டின் வர்க்கமூலம்தான். ஓரத்தில் வெள்ளை விடாமல் படம் அப்படியே பெரிதாவது இதனால்தான்.

இந்த விகிதத்தின் வசதியை லிச்டன்பெர்க் என்ற ஜெர்மன் அறிஞர் 1786-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஜெர்மனியில் அது தாளின் தர அளவாக வந்தது 1922-இல்.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

பத்தொன்பது ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் ஏ4 தாள்களைத் திருத்தியிருப்பேன்! மேலே உள்ள எண்களைப் பார்த்தேனே தவிர, தாளைப் பார்த்ததில்லை. நாளை வகுப்புக்கு ஒரு கட்டு எடுத்துப் போகிறேன். இரண்டரை கிலோ.

மாகாணி அவர்களே, அதே தாளில் இன்னொன்றும் இருக்கிறது. அதிலிருந்து ஆகப்பெரிய சதுரத்தை வெட்டி எடுங்கள். ஒரு பட்டை மிஞ்சும். அந்தப் பட்டையிலிருந்து இரண்டு சதுரம் வெட்டலாம். மிஞ்சுவது சிறிய பட்டை, ஆனால் முந்தைய பட்டையின் அதே வடிவம். ஆகவே அதிலும் இரண்டு சதுரம், மறுபடி அதே வடிவம். இப்படியே முடிவில்லாமல் போகும்.

---

விடைத்தாள் எழுதியது:

ஐயா, நான் பதினொன்றாம் வகுப்பு. நீங்கள் சொன்னபடி வெட்டிப் பார்த்தேன். முடிவில்லாமல் போகவில்லை.

297-இல் 210 போனால் 87. 210-இல் இரண்டு 87 போனால் 36. 87-இல் இரண்டு 36 போனால் 15. 36-இல் இரண்டு 15 போனால் 6. இதுவரை கத்தரிக்கோலால் வெட்டினேன், பிறகு முடியாமல் கணக்காகப் போட்டேன். 15-இல் இரண்டு 6 போனால் 3. ஆறில் இரண்டு 3 போனால் பூஜ்யம். முடிந்துவிட்டது. நீங்கள் சொன்னது தவறா?

---

சுண்ணக்கட்டி எழுதியது:

தம்பி, இந்த இழையிலேயே சிறந்த கேள்வி உன்னுடையது.

நீ வெட்டியது கடையில் கிடைத்த தாள், நான் சொன்னது மனத்தில் இருக்கும் தாள். கடைத் தாளின் அளவை முழு மில்லிமீட்டராக வைத்திருக்கிறார்கள். பக்கங்கள் இரண்டும் முழு எண் என்றால், ஒவ்வொரு முறை வெட்டும்போதும் மிஞ்சுவதும் முழு எண், முந்தையதைவிடச் சிறியது. முழு எண்கள் குறைந்துகொண்டே முடிவில்லாமல் போக முடியாது, எங்கேயாவது பூஜ்யத்தில் முட்டித்தான் ஆக வேண்டும். நீ 3 மில்லிமீட்டரில் முட்டினாய்.

இதையே திருப்பிப் பார். நீளம் உண்மையிலேயே √2 மடங்காக இருக்கும் தாளில் அதே வடிவப் பட்டை திரும்பத் திரும்ப வருகிறது, ஒருபோதும் முட்டாது. ஆகவே அதன் பக்கங்களை எந்த அலகால் அளந்தாலும் இரண்டும் முழு எண்ணாக வராது. √2-ஐப் பின்னமாக எழுதவே முடியாது என்பதற்கு இதுவே நிறுவல். புத்தகத்தில் இருக்கும் நிறுவல் வேறு, அதை நீ மனப்பாடம் செய்திருப்பாய். இதை நீ வெட்டியிருக்கிறாய்.

இன்னும் ஒன்று. 297/210-ஐச் சுருக்கினால் 99/70. 99-இன் வர்க்கம் 9801. 70-இன் வர்க்கத்தை இரட்டித்தால் 9800. ஒன்றே ஒன்று இடிக்கிறது!

---

விடைத்தாள் எழுதியது:

ஐயா, அந்த ஒன்று தற்செயலா?

---

மாகாணி எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இடைவேளையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 3/2 எடுத்தால் 9-க்கும் 8-க்கும் ஒன்று. 7/5 எடுத்தால் 49, 50. 17/12 எடுத்தால் 289, 288. 41/29-இல் 1681, 1682. ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே, எப்போதும் ஒன்று.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

தற்செயல் இல்லை. 3/2-இலிருந்து 7/5-க்கு எப்படிப் போவது என்று பாருங்கள். மேலே 3 + 2 + 2, கீழே 3 + 2. இதே விதியை 7/5-க்குப் போட்டால் 17/12, பிறகு 41/29, பிறகு நம் தாளின் 99/70. இன்னும் இரண்டு படி போனால் 577/408.

அந்தக் கடைசிப் பின்னத்துக்கு ஒரு கதை உண்டு. சுல்பம் என்றால் கயிறு. வேள்வி மேடைகளைக் கயிறு பிடித்து அளந்து கட்டுவதற்காக எழுதப்பட்ட சுல்பசூத்திரங்களில், பௌதாயனருடையது கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. சதுரத்தின் மூலைவிட்டம் வேண்டுமா, பக்கத்தோடு அதன் மூன்றில் ஒன்றைக் கூட்டு, அந்த மூன்றிலொன்றின் நான்கில் ஒன்றைக் கூட்டு, கடைசியாகக் கூட்டியதன் 34-இல் ஒன்றைக் கழி என்கிறது அது. போட்டுப் பார்த்தால் வருவது 577/408. ஐந்து தசம இடம் வரை சரி. மேடை கட்ட அவ்வளவு துல்லியம் தேவையே இல்லை. மயிரை நூறாகப் பிளந்த கணக்கு. தேவைக்கு மேல் ஏன் போனார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

---

சோதனைக்குழாய் எழுதியது:

மருத்துவ ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். தாள் விவகாரம் அருமை. ஆனால் அந்த வரலாற்று மாணவிக்கு இன்னும் பதில் வரவில்லையே! அவளுக்கு நான் சொல்வது இது.

ஒரு நோய் ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள். அதைக் கண்டுபிடிக்கும் சோதனை நோயுள்ளவரிடமும் இல்லாதவரிடமும் நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்லும். உனக்கு "நோய் உண்டு" என்று முடிவு வருகிறது. உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? கேட்பவர்கள் எல்லாரும் தொண்ணூறு என்பார்கள். எண்ணிப் பார். நோயுள்ள பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு "உண்டு" என்று வரும். நோயில்லாத 990 பேரில் பத்தில் ஒருவருக்கு, அதாவது 99 பேருக்கு, தவறாக "உண்டு" என்று வரும். மொத்தம் 108 பேர், அதில் உண்மையான நோயாளிகள் ஒன்பது பேர். பன்னிரண்டில் ஒருவர்!

அதனால்தான் முதல் சோதனையை மட்டும் நம்பாமல் அடுத்த சோதனை செய்யச் சொல்கிறோம். இதற்கு வேண்டியது ஆறாம் வகுப்பு விழுக்காடு மட்டும்தான். ஆனால் முடிவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்குகிறவர்களுக்கு அது எட்டாது. முன்பே பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் கை கொடுக்கும்.

பக்கத்து அறையில் ஓடும் சி.டி. ஸ்கேன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளை ஊடுருவும் எல்லாக் கோடுகளின் மேலும் உள்ள அடர்த்தியின் கூட்டுத்தொகை தெரிந்தால் உள்ளே இருப்பதை மீட்டெடுக்கலாம் என்று ரேடன் என்ற கணித அறிஞர் 1917-இல் நிறுவினார். முதல் நோயாளியின் தலையை அவ்வாறு படம் எடுத்தது 1971-இல். ரேடனின் கணிதம் இயந்திரத்துக்காக ஐம்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்தது.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

திட்டிவிட்டுப் போனவன் திரும்பி வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடன் வாங்கினேன், ஆண்டுக்கு 12 விழுக்காடு "ஃபிளாட்" வட்டி, பன்னிரண்டு சமத் தவணை. கொடுத்தவர் யார் என்பது வேண்டாம். மலிவு என்று நினைத்தேன். முழுத்தொகைக்கும் முழு ஆண்டுக்கும் வட்டி போட்டிருக்கிறார்கள். நானோ மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். முதல் மாதம் பன்னிரண்டு பங்கும் என் கையில், கடைசி மாதம் ஒரே பங்கு. 1 முதல் 12 வரை கூட்டினால் 78, பன்னிரண்டால் வகுத்தால் ஆறரை. ஆக, சராசரியாக என்னிடம் இருந்தது கடனில் பாதியைவிடச் சற்றே அதிகம். வட்டியோ முழுசுக்கு. தோராயமாகப் பார்த்தால் 22 விழுக்காடு. துல்லியமாகப் போட்டால் 21.5-ஐ ஒட்டி வருகிறது.

கடனை அடைத்து மூன்று ஆண்டு கழித்து இதைக் கண்டுபிடித்தேன். 1 முதல் 12 வரை கூட்டுவது நான் சிவப்புக் கோடு வாங்கிய அதே எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆகவே, பயன் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அழகு? 9801, 9800 என்று நீங்கள் எல்லாரும் குதிப்பதைப் பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உண்மையைத்தான் சொல்கிறேன்.

---

மாகாணி எழுதியது:

தோன்றாவிட்டால் போகிறது. எனக்குச் சங்கீதம் அப்படித்தான். ஆனால் அந்த எட்டாம் வகுப்புக் கணக்கை வேறு வழியில் போட்டபோது "எனக்குள் ஒரே பெருமை" என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன?

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

...யோசித்துச் சொல்கிறேன்.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

வகுப்பில் நடந்ததை எழுதிவிடுகிறேன். தாள்களைக் கொடுத்தேன், எதற்கு என்று சொல்லவில்லை. "மடித்தால் வடிவம் மாறாத தாளின் நீளம் என்ன?" என்று மட்டும் கேட்டேன். பாதிப் பேர் மடித்து விளையாடினார்கள், இரண்டு பேர் ராக்கெட் செய்தார்கள். ஒரு ராக்கெட் என் மேசைக்கே வந்தது. மூன்று பேர் மட்டும் x² = 2 வரை வந்து சேர்ந்தார்கள். பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

வரலாற்று மாணவி அந்த மூவரில் இல்லை. ஆனால் மணி அடித்த பிறகு வந்து நின்றாள். "பாதியாக மடிக்காமல், மூன்றாக மடித்தாலும் வடிவம் மாறாத தாள் இருக்குமா?" என்று கேட்டாள். இது எதற்குப் பயன்படும் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இருக்கும், நீளம் √3 என்று சொல்ல வாய் எடுத்தேன், அடக்கிக்கொண்டேன்.

---

விடைத்தாள் எழுதியது:

ஐயா, அதை நீங்கள் இங்கே சொல்லிவிட்டீர்கள்! பரவாயில்லை. √3 தாளிலும் சதுரம் வெட்டிப் பார்த்தேன், இந்த முறை காகிதம் வீணாக்காமல் நோட்டில். முதலில் ஒரு சதுரம், அடுத்து ஒன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று, பிறகு இரண்டு, மறுபடி ஒன்று, இரண்டு... இப்படியே மாறி மாறி வருகிறது. √2-இல் எல்லாம் இரண்டாகவே வந்ததே, இங்கே ஏன் இப்படி? √5-க்கு என்ன வரும்?

---

மாகாணி எழுதியது:

சொல்லாதீர்கள் ஐயா. இன்று எனக்கு இரவு ஷிப்ட். கத்தரிக்கோலும் தாளும் இங்கே நிறையக் கிடக்கின்றன.